எட்டுக் கோடும் கொஞ்சமும்

லென்ஸுக்குள் ஒரு தோணி நின்றுகொண்டிருந்தது.

ஆகாய விமானத்திலிருந்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. மேசைமேல் விரித்து, லென்ஸில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு கரையோரமாகவே நகர்ந்து வந்தவள், சாம்பல் நிறத் தண்ணீருக்கு நடுவே எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக எதையோ பார்த்து நின்றுவிட்டேன். ஒரு முனை கூர்மை. மறுமுனை மழுங்கல். நடுவில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு, பாய்மரம் ஒடிந்து சாய்ந்த மாதிரி.

மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படியும். அடக்கிக்கொண்டு பார்த்தேன். தோணிதான். மீன் பிடிக்கிற வள்ளம் இல்லை, கொழும்புக்குச் சரக்கேற்றிப் போகிற பெரிய தோணி.

படத்தின் மூலையில் எடுத்த தேதி இருந்தது. ஐப்பசியில் அடித்த அந்தப் பேய்க்காற்று ஓய்ந்ததற்கு மறுநாள். தேதியை இரண்டு தடவை படித்தேன். ஏனென்றால் என் அக்கா பிலோமியின் புருஷன் சூசை, காற்றுக்கு முன்பு தோணி கொண்டுபோனவர், இன்னும் வரவில்லை.

கால்சட்டைக்காரர்கள் ஆபீஸ்

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் அது. தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை ராணுவம் எடுத்துக்கொண்டு அதில் வரைபட ஆபீஸ் வைத்திருந்தது. கருவாட்டு வாசமும் மையின் வாசமும் கலந்து கிடக்கும். ஆண்பிள்ளைகள் பாதிப் பேர் சண்டைக்குப் போய்விட்டதால், இன்டர்மீடியட்டில் கணக்குப் படித்திருந்த எனக்கு அங்கே வரைபடத்தை நகலெடுக்கிற ட்ரேசர் வேலை கிடைத்தது. "கால்சட்டைக்காரன் ஆபீசுக்குப் பொட்டப்புள்ள போகுதா?" என்று எங்கள் தெருவே முகத்தைச் சுளித்தது. சுளித்தவர்கள்தான் பிறகு, மண்ணெண்ணெய் கொஞ்சம் கிடைக்குமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். அது தனிக் கதை.

மேலே இருந்தவர் சேஷாத்ரி, தலைமை டிராப்ட்ஸ்மேன். மதராஸ்காரர். மூக்குப்பொடி, கறுப்புக் குடை, எதிலும் நம்பிக்கையின்மை. பென்சிலை நான் சீவினால் அதை வாங்கி மறுபடி சீவுவார். எனக்கும் அவருக்கும் நாளுக்கு ஒரு சண்டையாவது நடக்கும்.

விமானக்காரர்கள் கடற்கரையை நெடுகப் படம் பிடித்து அனுப்புவார்கள். அந்தப் படங்களை வைத்து நாங்கள் வரைபடத்தைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கு முன் ஒவ்வொரு படத்துக்கும் அளவு கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் ஓர் அங்குலம் என்றால் தரையில் எத்தனை அடி?

விமானம் ஒரே உயரத்தில் போனால் இந்தத் தலைவலி இல்லை. அது மேலே ஏறும், கீழே இறங்கும். உயரத்தைப் படத்தின் ஓரத்தில் குறித்திருப்பார்கள் என்று பெயர். பாதிப் படங்களில் அந்த ஓரத்தையே யாரோ கத்தரித்திருப்பார்கள். அப்போது ஒரே வழிதான். படத்திலும் தெரிய வேண்டும், தாலுகா வரைபடத்திலும் இருக்க வேண்டும், அப்படி அசையாத இரண்டு இடங்களைப் பிடிக்க வேண்டும். தரையில் அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் படத்தில் உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும்.

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? எது அசையாது என்று கண்டுபிடிப்பதற்குள் கண் பிதுங்கிவிடும். எங்கள் கடற்கரையில் மணல் திட்டு அசையும், ஓடை வாய் அசையும், தீவின் வால் காற்றுக்குக் காற்று வடக்கும் தெற்குமாக மாறும். உப்பளத்து வரப்பை நம்பலாம் என்றால் அதையும் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உப்பு அம்பாரங்களைக் குளம் என்று நான் குறித்து வைத்து, சேஷாத்ரி சார் ஆபீசே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். படத்தை நிழல் நம் பக்கம் விழுகிற மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும். திருப்பி வைத்தால் மேடெல்லாம் பள்ளமாகத் தெரியும். இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? மாட்டார்.

அன்றைய படம் வேம்பாற்றுப் பக்கத்துக் கடற்கரை. மாதா கோவில் முகப்பு ஒரு புள்ளி, கண்மாய் மடை ஒரு புள்ளி. படத்தில் நாலரை அங்குலம். தரையில் மூவாயிரத்து அறுநூறு அடி. ஆக, ஓர் அங்குலத்துக்கு எண்ணூறு அடி. வேறு இரண்டு புள்ளிகளை வைத்தும் பார்த்தேன், அதுவும் ஒத்து வந்தது. ஓரத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் தோணியைப் பார்த்தேன். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தோணியை முதலில் பார்த்திருந்தால், எனக்கு வேண்டிய விடை வருகிற மாதிரிப் புள்ளிகளைத் தேடியிருப்பேன். மனசு அப்படிப்பட்ட கழுதை.

இரண்டில் எது?

அந்தக் காற்றுக்கு முன்னால் தூத்துக்குடியிலிருந்து ஒரே காலையில் இரண்டு தோணிகள் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக் கொழும்புக்குக் கிளம்பின. ஒன்றுக்குத் தண்டல், அதாவது தலைவன், எங்கள் சூசை மச்சான். பெரிய தோணிக்குத் தண்டல் மிக்கேல். மிக்கேலின் பெண்சாதி ஞானம், என் அக்காவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஒருத்தி சேலையை மற்றவள் உடுத்துவாள், அவ்வளவு சேர்த்தி.

மற்ற தோணிகளெல்லாம் காற்றுக்கு முன்பே எங்கெங்கோ ஒதுங்கிவிட்டன. இந்த இரண்டும் கொழும்புக்கும் போய்ச் சேரவில்லை, திரும்பவும் இல்லை. கார்த்திகை பாதியாகிவிட்டது. சூசை மச்சானின் தாயார், "இன்னும் எத்தன நாளைக்கு? ஒரு பூசையாவது வச்சி ஆத்மாவ அனுப்பணும்லா" என்று ஆரம்பித்துவிட்டார். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

இப்போது காற்றைத் தப்பிய தோணி ஒன்று என் லென்ஸுக்குக் கீழே மிதக்கிறது. சூசை தோணியா, மிக்கேல் தோணியா? நீளம் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஆனால் இது எங்களுடையது என்றால் அவர்களுடையது இல்லை. அந்த நினைப்பு வந்ததும் லென்ஸை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டேன்.

சேஷாத்ரி சார் பின்னால் வந்து நின்றார். "என்னம்மா, படத்தை மூக்காலே மோந்து பாக்கறே?"

மறைக்கத் தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் பொடியைத் துடைத்துக்கொண்டு, "நீ எழுந்திரு. நீ அளக்காதே. உனக்கு என்ன வேணுமோ அதைத்தான் உன் கண் பாக்கும். எனக்கு உன் மச்சானும் தெரியாது, மத்தவனும் தெரியாது" என்று சொல்லி அவரே உட்கார்ந்தார்.

அந்த லென்ஸுக்குள்ளேயே ஓர் அங்குலத்தை நூறாகப் பிரித்துக் கீறிய கோடுகள் உண்டு. ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணை மூடித் திறந்து மறுபடி பார்த்தார். "எட்டுக் கோடு. அதுக்கு மேலே கொஞ்சம். கால் கோடுன்னு வெச்சுக்கோ."

நூறால் வகுத்து எண்ணூறால் பெருக்கினேன். அறுபத்தாறு அடி.

"இதை வெளியிலே சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு, சாயங்காலம் நேரே தோணி கட்டுகிற தொம்மை ஓடாவியிடம் போனேன்.

தொம்மை ஓடாவி சொன்ன நீளம்

இரண்டு தோணியும் அவர் கட்டியவை. உளியைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"என்னளா, ஆபீசுக்காரி இங்கன வந்திருக்க?"

"சூசை மச்சான் தோணி எத்தன அடி, ஓடாவியாரே?"

"அம்பது."

"மிக்கேல் அண்ணன் தோணி?"

"அது பெருசுல்லா. அறுபத்தஞ்சு. எதுக்குக் கேக்க?"

சும்மாதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அறுபத்தாறுக்கு அறுபத்தைந்து ஓரடிதான் வித்தியாசம். ஐம்பதுக்கோ பதினாறு. இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாள் சேஷாத்ரி சாரிடம் சொன்னேன். அவரும் "அப்போ பெரிய தோணிதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கு என் பென்சிலை வாங்கிச் சீவவில்லை.

அக்காவிடம் எப்படிச் சொல்வது? வாசலிலேயே நின்றேன். குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். ராணுவ ரகசியம் என்று நான் கையெழுத்துப் போட்டதெல்லாம் அங்கே காற்றில் போய்விட்டது. படம், லென்ஸ், எட்டுக் கோடு எல்லாம் சொன்னேன்.

அவள் கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். பிறகு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"எங்கக்கா போற?"

"ஞானத்துக்கிட்ட சொல்லாண்டாமா? அவ புருசன் உசுரோட இருக்காவ. அவளுக்கு மொதல்ல தெரியட்டும். நான் அழுதுட்டுப் போனா அவளால சிரிக்க முடியுமா?"

அப்படியே போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் அழுதாள். அந்த அழுகையை எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்கு அக்கா ஒருத்திதான்.

ஞானம் அன்றே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டாள். காற்று அடித்த நாளிலிருந்து வைக்காத பூ. எங்கள் வீட்டைத் தாண்டிப் போகும்போது மட்டும் முக்காட்டை இழுத்துப் பூவை மறைத்துக்கொள்வாள். அதையும் அக்கா பார்த்தாள்.

ஓடாவிக் கொட்டில்

சில நாள் கழித்து, செத்தவர்களுக்கு வைக்கிற பூசைக்குச் சொல்லிவிட்டு வரலாம் என்று அக்காவும் நானும் கோவிலுக்குக் கிளம்பினோம். மாமியாரின் நச்சரிப்பு தாங்காமல் அக்கா சம்மதித்திருந்தாள். வழியில் தொம்மை ஓடாவியின் கொட்டில்.

அங்கே ஒரு புதுத் தோணி எழும்பிக்கொண்டிருந்தது. அடியில் ஏரா கிடந்தது. ஏரா என்றால் தோணியின் முதுகெலும்பு மாதிரி அடிக்கட்டை. அதன் மேல்தான் மற்ற எல்லாம் நிற்கும். முன்னால் அணியமும் பின்னால் அமரமும் ஏராவைத் தாண்டி வெளியே சாய்ந்து நீண்டிருந்தன. பலகை இன்னும் அடிக்காததால் எலும்புக்கூடாகத் தெரிந்தது.

அக்கா நின்றுவிட்டாள்.

"ஓடாவியாரே, இந்தத் தோணி எத்தன அடி?"

"நாப்பத்தஞ்சு அடி."

"எங்கன இருந்து எங்கன வரைக்கும்?"

"என்ன கேள்வி இது? ஏரா நாப்பத்தஞ்சு. தோணிய ஏராவ வச்சித்தான சொல்லுவோம்."

அக்கா முன் அணியத்தின் நுனிக்குப் போனாள். அங்கிருந்து பின் அமரத்தின் நுனிவரை நடந்தாள். நடந்து வந்து என் தோளைப் பிடித்தாள். விரல் நகம் பதிந்தது.

"ஏளா லூர்து. ஆகாசத்துல இருந்து பாத்தா ஏரா தெரியுமா?"

எனக்கு ஒரு விநாடி விளங்கவில்லை. பிறகுதான் விளங்கியது. ஏரா தண்ணீருக்கு அடியில் கிடப்பது. விமானம் பார்ப்பது மேல்தளத்தை, இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை. இதைக் கணக்குப் படித்த நானும் யோசிக்கவில்லை, படம் படிப்பதே தொழிலாக இருந்த சேஷாத்ரியும் யோசிக்கவில்லை. ஓடாவியிடம் "நீளம்" என்றால் ஏராதான், அவர் வாயிலிருந்து வேறு அளவு வரவே வராது.

"சூசை மச்சான் தோணி நுனிக்கு நுனி எவ்வளவு?" என்றேன். 

ஓடாவி இரண்டு விரலை மடக்கி, உதட்டுக்குள் முணுமுணுத்துக் கூட்டினார். "முன்னால ஒம்பது, பின்னால ஏழு. மொத்தம் அறுபத்தாறு வரும்."

"பெரிய தோணி?"

"எம்பத்தஞ்சாவது இருக்கும். என்னளா, ரெண்டு பேருக்கும் மொகம் இப்படிப் போச்சி?"

அக்கா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவிய இருந்திருக்காவ... அன்னைக்கி இருந்திருக்காவ" என்று இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டேன். ஓடாவியின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும்.

கொஞ்ச நேரத்தில் அக்காவின் கை என் முதுகில் அப்படியே நின்றது.

"ஞானம்" என்றாள்.

யாரு கேட்டா ஒன் கணக்க?

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். சந்தோஷமாக இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். அக்கா கேட்கவில்லை. "நான் குடுத்தேன். நான்தான் போயி எடுக்கணும்" என்றாள். கோவிலுக்குப் போகாமல் அங்கே போனோம்.

ஞானம் புட்டு அவித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல முக்காட்டை இழுத்தாள். அக்காவுக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன், ஏராவையும் அணியத்தையும் அமரத்தையும் பள்ளிக்கூடத்துப் பாடம் மாதிரி. பாதியிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் நான் நிறுத்தாமல் கடைசிவரை சொன்னேன். பதற்றம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

புட்டுக்குழலில் ஆவி வந்துகொண்டே இருந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"ஏளா லூர்து, ஒன் கணக்குலதான் எம் புருசன் பொழச்சாவ. இப்ப ஒன் கணக்குலயே செத்துப்போனாவளா? யாரு கேட்டா ஒன் கணக்க? நான் கேட்டனா?"

 அவள் கை மேலே போய்த் தலையில் இருந்த பூவைத் தொட்டது. பிய்த்து எறியப் போகிறாள் என்று அக்கா அழ ஆரம்பித்தாள். ஞானம் பிய்க்கவில்லை.

"எடுக்கமாட்டேன். ரெண்டு தடவ மாறுன கணக்கு மூணாவது தடவயும் மாறும்லா? அதுவரைக்கும் இது இருக்கட்டும். பிலோமி, நீயும் நாளைக்கிப் பூ வையி. ஒளிச்சி வைக்காத, நான் ஒளிச்ச மாதிரி."

அக்கா வைத்தாள். இரண்டு பேரும் பூ வைத்துக்கொண்டு ஒன்றாகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனார்கள். ஊர் என்னவெல்லாம் பேசியது என்று எனக்குத் தெரியும். பேசியவர்களில் சிலருக்கு நான் தெருவில் வைத்தே பதில் கொடுத்தேன்.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தப் படம் எடுத்த கணத்தில் தோணி மிதந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு? எண்ணூறு அடிக் கணக்கு அதைச் சொல்லாது. சேஷாத்ரி சாரிடம் ஏரா விஷயத்தைச் சொன்னபோது அவர் பொடி டப்பியைத் திறந்து, போடாமலே மூடினார். "சரியாத்தானேம்மா அளந்தேன்" என்றார். "ஆமா சார், சரியாத்தான் அளந்தீங்க" என்றேன். அன்று நாங்கள் சண்டை போடவில்லை.

தை மாதம்

தை பிறந்து சில நாளில், புதுப் பலகை வெளுத்துத் தெரிய, ஒட்டுப்போட்ட ஒற்றைப் பாயோடு ஒரு தோணி வந்து நங்கூரம் போட்டது. சேதி கேட்டு நான் ஆபீசிலிருந்து மை அப்பிய கையோடு ஓடினேன். எனக்கு முன்னாலேயே சேஷாத்ரி சார் குடையோடு அங்கே நின்றார். எப்போது கிளம்பினார் என்று தெரியாது.

முதல் வள்ளத்தில் சூசை மச்சான் இறங்கினார். தாடியும் மீசையுமாக, பாதி உடம்பாக. அக்கா தண்ணீருக்குள்ளேயே இறங்கிப் போனாள். மரமும் ஒடிந்து நங்கூரமும் அறுந்த தோணி, வேம்பாற்றுக் கரையைப் பிடிக்க முடியாமல் மன்னார்ப் பக்கம் அடித்துக்கொண்டு போய் இலங்கைக் கரையில் ஒதுங்கியிருக்கிறது. சண்டைக் காவல்காரர்கள் பிடித்து வைத்துக்கொண்டு, யார் எவர் என்று தீர விசாரித்துத்தான் விட்டிருக்கிறார்கள்.

மச்சானுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இறங்கினான். மிக்கேல்.

காற்றின் இரண்டாம் நாளே பெரிய தோணி உடைந்துவிட்டதாம். பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களை மச்சான் தன் தோணியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். விமானம் படம் பிடித்த அன்று இரண்டு தண்டல்களும் அந்த எட்டுக் கோட்டுக்குள்ளேயேதான் இருந்திருக்கிறார்கள்.

ஞானம் மிக்கேலின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், அவனை அடித்தாள். பிறகு என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏளா ஆபீசுக்காரி! தோணி நீளத்தத்தான் அளந்தியா? உள்ள எத்தன பேருன்னு எண்ணலியா?"

கரையே சிரித்தது. சேஷாத்ரி சார்கூடச் சிரித்தார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். அப்போதுதான் கூட்டத்துக்கு ஓரமாக இரண்டு பெண்கள் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்தேன். கடைசி வள்ளமும் வந்து காலியாகிவிட்டது. அவர்கள் இன்னும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரிய தோணியில் போன ஆட்களில் இரண்டு பேர் பலகையைப் பிடிக்கவில்லை.

இந்த இரண்டு மாதமும் சூசையா மிக்கேலா என்றுதான் நான் பார்த்தேன். இரண்டு தோணியிலும் கூலிக்குப் போன ஆட்கள் எத்தனை பேர், அவர்கள் வீடு எது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. 

ஞானமும் அவர்களைப் பார்த்துவிட்டாள். தலையிலிருந்த பூவை அவளே மெல்ல எடுத்து மிக்கேலின் கையில் கொடுத்தாள். "வீட்டுல போயி இரிங்க, வாரேன்" என்றாள். அக்காவும் தன் பூவை எடுத்து மச்சானிடம் கொடுத்தாள். இத்தனை நாள் கழித்து வந்த புருஷன்மாரை அப்படியே கரையில் விட்டுவிட்டு, இரண்டு பேரும் அந்தப் பெண்களை நோக்கி நடந்தார்கள்.

போகிற போக்கில் ஞானம் என் கையைப் பிடித்து இழுத்தாள். "நீயும் வா. கணக்கு கிணக்கு ஒண்ணும் சொல்லாத. வாய மூடிட்டு வந்து கூட இரி."

போனேன். விளக்கு வைக்கிற வரைக்கும் அவர்கள் பக்கத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.